கல உயிரியல் பாடநெறி: மலையகக் கம்பஸ்களுக்கு முதலாம் வருடம் வருவோருக்கான வழிகாட்டி

கல உயிரியலில் புள்ளி இழப்பவர்களில் பலர் இழைமணியைப் பற்றித் தெரியாமல் இழப்பதில்லை. அளவுக்கோடு போடாத படம், அலகு எழுதாத எண், நாள் கடந்து கொடுத்த மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்), பக்கத்து மேசை ரெக்கோர்ட்டில் (செய்முறைப் பதிவேட்டில்) இருந்து வந்த தரவு என்று இவைதான் தரத்தை ஒரு படி, இரண்டு படி இறக்கிவிடுகின்றன. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து வந்த பிள்ளைகள் இப்படி விழுவதைப் பார்க்கும்போது மனது கனக்கிறது, ஏனென்றால் இவை எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

பேராதனைக்கு வந்தாலும், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவுக்குப் போனாலும், திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையத்தில் படித்தாலும் அடிப்படை ஒன்றுதான். சிறு எண்கள் பீடத்துக்குப் பீடம் மாறும். அதனால் முதல் நாளே உங்கள் பீடக் கைந்நூலையும் பாடநெறிக்குத் தரும் அறிமுகத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு இதை வாசியுங்கள். இந்த வழிகாட்டியும் கைந்நூலும் முரண்பட்டால் கைந்நூலில் இருப்பதே விதி.

முதல் வாரத்தில் போட வேண்டிய கணக்கு

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணிநேரக் கற்றல். விரிவுரைக் கிரெடிட் ஒன்றுக்கு 15 மணி விரிவுரை, செய்முறைக் கிரெடிட் ஒன்றுக்கு 30 மணி ஆய்வுகூடம் என்பது பொதுவான வழக்கம். இரண்டு கிரெடிட் விரிவுரையும் ஒரு கிரெடிட் செய்முறையும் கொண்ட பாடநெறி என்றால் மொத்தம் 150 மணி. அதில் 60 மணி வகுப்பில் கழியும். மீதி 90 மணியை 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 6 மணி உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பரீட்சைக்கு முந்திய பத்து நாளில் அடைக்க முடியாது.

அந்த 6 மணியை இப்படிப் பிரிப்பது நல்லது. விரிவுரை நடந்த அன்றே குறிப்பைத் திருத்தி எழுத 2 மணி. செய்முறைத் தாளை முன்கூட்டி வாசிக்கவும் முடிந்த ரெக்கோர்ட்டை எழுதவும் 2 மணி. பழைய வினாக்களுக்குத் தாளைப் பார்க்காமல் விடை எழுத 2 மணி. கடைசி இரண்டு மணியைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள், பரீட்சையில் அதிகம் உதவுவதும் அதுதான்.

வரவு பெரும்பாலான பீடங்களில் 80 வீதம். 3 மணிநேரச் செய்முறை 10 என்றால் 8 கட்டாயம். மீதி இரண்டையும் லீவு என்று எண்ணி முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் வரும் காய்ச்சலுக்கும் மூடப்படும் வீதிக்கும் அவை தேவைப்படும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, லுணுகலைப் பக்கம் வீட்டுக்குப் போகிறவர்கள், திங்கள் காலை செய்முறை இருந்தால் ஞாயிறு பின்னேரமே திரும்பிவிடுங்கள். முதல் பஸ்ஸை நம்பி வந்து 8 மணி வகுப்பைப் பிடிப்பது வாராவாரம் நடக்காது. வராத நண்பருக்காகக் கையெழுத்து வைப்பது ஒழுக்காற்று விசாரணைக்குப் போகும் குற்றம், வைத்தவருக்கும் சரி, வைக்கச் சொன்னவருக்கும் சரி.

நிற வேறுபாடு காண்பதில் சிரமம் உள்ளவர்கள் அதை இந்த முதல் வாரத்திலேயே விரிவுரையாளரிடம் சொல்லிவிடுங்கள். சாயமூட்டிய வழுக்கியில் (நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தட்டில்) இளஞ்சிவப்பும் ஊதாவும் பிரித்தறிய வேண்டிய இடங்கள் உண்டு. ஸ்பொட் பரீட்சை (மேசைக்கு மேசை நகர்ந்து விடை எழுதும் செய்முறைப் பரீட்சை) அன்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆய்வுகூட வாசலில்

செய்முறையின் முதல் கால் மணி நேரம் விளக்கம். எந்தப் போத்தலில் எந்த அமிலம், எதை எதனோடு கலக்கக்கூடாது, கழிவை எங்கே ஊற்றுவது என்பதெல்லாம் அப்போதுதான் சொல்லப்படும். அதைக் கேட்காதவரை உள்ளே விடுவது பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. பிந்தி வருபவரைத் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

பருத்தி ஆய்வுகூட மேலங்கி, கட்டிய முடி, மூடிய சப்பாத்து மூன்றும் கட்டாயம். மழை நாளில் சிலிப்பரோடு வந்து நிற்கிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். ஒரு சோடி பழைய சப்பாத்தை லொக்கரிலோ விடுதியில் இருக்கும் நண்பரிடமோ வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மலைக்குளிர் தரும் சில சிக்கல்கள் கொழும்பில் எழுதிய செய்முறைத் தாளில் இருக்காது. செறிந்த அசற்றிக் அமிலம் 16.6 பாகை செல்சியஸில் உறையும். டிசம்பர், ஜனவரி காலையில் அட்டன், நுவரெலியாப் பக்கத்து ஆய்வுகூடத்தில் போத்தலைச் சாய்த்தால் உள்ளே பனிக்கட்டி போல் நிற்கும். பழுதாகிவிட்டது என்று எறிய வேண்டாம். மூடியைச் சற்றுத் தளர்த்தி, புகைபோக்கிக் கூண்டினுள் 25 முதல் 30 பாகை வெந்நீரில் போத்தலை நிறுத்துங்கள், உருகிவிடும். ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் சுவாலையில் காட்டவே கூடாது. பாதி உருகிய நிலையில் ஊற்றி எடுப்பதும் பிழை. நீர் கலந்த பகுதி முதலில் உருகும், எடுத்தது முழுச் செறிவாக இராது. அதேபோல் நீர் கொதிக்கும் வெப்பநிலை உயரத்தோடு குறையும். பேராதனை உயரத்தில் 98 பாகையை ஒட்டியும், 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையை ஒட்டியும் கொதிக்கும். ஆகவே "100 பாகை நீர்த்தொட்டி" என்று தாளில் இருப்பதை அப்படியே ரெக்கோர்ட்டில் எழுதாமல் வெப்பமானி காட்டியதை எழுதுங்கள்.

நுணுக்குக்காட்டி: அளந்து வரைதல்

உயர்தரத்தில் நுணுக்குக்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதைக் கொண்டு அளக்க வேண்டும். உருப்பெருக்கம் குறைந்த பொருளியில் (வழுக்கிப் பக்கம் இருக்கும் வில்லையில்) தொடங்குங்கள், முதலில் 4 மடங்கு, பிறகு 10, பிறகு 40. பொருளியை வழுக்கியில் இருந்து விலக்கிக்கொண்டே குவியம் தேடுங்கள். கிட்டக் கொண்டுபோய்த் தேடுகிறவர்தான் மூடித்துண்டை உடைக்கிறார். அமிழ்ப்பு எண்ணெய் 100 பொருளிக்கு மட்டும். எண்ணெய் இருக்கும் வழுக்கியில் 40 பொருளியைத் திரும்பச் சுழற்றிக் கொண்டுவருவதுதான் அடிக்கடி நடக்கும் சேதம். பட்டுவிட்டால் வில்லைத்தாளால் உடனே துடைத்து, டெமோவிடம் (செய்முறையை நடத்த உதவுபவரிடம்) சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மூடிவைத்தால் எண்ணெய் காய்ந்து படலமாகும். நம் ஊர் ஈரப்பதத்தில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கவும் நாள் எடுக்காது. அதனால்தான் நுணுக்குக்காட்டியை சிலிக்கா ஜெல் வைத்த அலுமாரியில் திரும்ப வைக்கும் வரை உங்கள் செய்முறை முடிந்ததாகக் கணக்கில்லை.

அளவுதிருத்தம் இப்படி: பார்வைத்துண்டில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) 100 பிரிவு உள்ள ஓர் அளவுகோல் இருக்கும். அதன் பிரிவுக்குத் தன்னளவில் நீளம் எதுவும் இல்லை. மேடையில் வைக்கும் நுண்மானி வழுக்கியில் 1 மில்லிமீற்றர் 100 ஆகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பிரிவு 10 மைக்ரோமீற்றர். இரண்டின் இடது ஓரங்களையும் ஒன்றாக்கி, வலப்பக்கம் எங்கே கோடுகள் மறுபடி சரியாகப் பொருந்துகின்றன என்று பாருங்கள். 40 பொருளியில் பார்வைத்துண்டின் 100 பிரிவும் மேடையின் 25 பிரிவும் பொருந்தினால், 100 பிரிவு 250 மைக்ரோமீற்றர், ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீற்றர். இந்த எண் அந்த நுணுக்குக்காட்டிக்கும் அந்தப் பொருளிக்கும் மட்டுமே உரியது. அடுத்த வாரம் வேறு மேசையில் உட்கார்ந்தால் திரும்பச் செய்ய வேண்டும். இயந்திரத்தின் இலக்கத்தையும் ரெக்கோர்ட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இனி வெங்காயத் தோற்கலம் ஒன்று 96 பிரிவு நீளம் என்றால் அது 240 மைக்ரோமீற்றர். அதை நீங்கள் தாளில் 60 மில்லிமீற்றர் நீளத்துக்கு வரைந்திருந்தால், 60,000 மைக்ரோமீற்றரை 240 ஆல் பிரிக்க வேண்டும். படத்தின் உருப்பெருக்கம் 250. பலர் இங்கே 400 என்று எழுதிவிடுகிறார்கள். 10 பார்வைத்துண்டும் 40 பொருளியும் சேர்ந்து தரும் 400 உங்கள் கண்ணுக்குத் தெரிந்த உருவத்தினது, தாளில் இருக்கும் படத்தினது அல்ல. 250 மடங்குப் படத்தில் 100 மைக்ரோமீற்றர் அளவுக்கோடு 25 மில்லிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்தாலே பிழை பிடிபட்டுவிடும்.

கூரான எச்.பி. பென்சில், தொடர்ச்சியான ஒற்றைக் கோடு, நிழல் தீட்டாமை, ஒன்றையொன்று வெட்டாத பெயரிடல் கோடுகள். பார்த்ததை மட்டும் வரையுங்கள். ஒளி நுணுக்குக்காட்டியில் இறைபோசோம் தெரியாது. அதை வரைந்து பெயரிட்டால், புத்தகத்தைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி.

வேர்நுனி நசுக்கல்

வெங்காய வேரின் நுனியைச் சாயமூட்டி நசுக்கி, பிரிந்துகொண்டிருக்கும் கலங்களை எண்ணும் செய்முறை இது. இந்தப் பாடநெறியில் அதிகம் பேர் திணறுவது இதில்தான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சின்ன வெங்காயம் நல்லது. கடையில் வாங்கும் பெரிய வெங்காயம் சிலவேளை முளை தடுக்கப்பட்டு வந்திருக்கும், வேர் விடாது. அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடும்படி நிறுத்தி, நீரைத் தினமும் மாற்றுங்கள். 25 பாகையை ஒட்டிய அறையில் இரண்டு மூன்று நாளில் வேர் வந்துவிடும். குளிர்ந்த ஊர்களில் கூடுதல் நாள் எடுக்கும், ஆகவே வேர் கொண்டுவரச் சொன்னால் அந்த நாட்களையும் சேர்த்துத் தொடங்குங்கள். 1 முதல் 2 சென்ரிமீற்றர் வளர்ந்த, வெள்ளையான, நுனி உடையாத வேர்தான் வேண்டும்.

வேரை வெட்டியதும் எதனோல் மூன்று பங்கு, செறிந்த அசற்றிக் அமிலம் ஒரு பங்கு கலந்த பதப்படுத்தியில் போடுங்கள். இந்தக் கலவையை அன்றன்றே தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் அமிலமும் மதுசாரமும் தாக்கமுற்று எசுத்தராக மாறத் தொடங்கும். ஓர் இரவு விட்டு, நீரில் கழுவி, 60 பாகையில் உள்ள 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 8 நிமிடம். கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைத் தளர்த்துவதுதான் இந்த அமிலத்தின் வேலை. கழுவியபின் நுனியின் 1 முதல் 2 மில்லிமீற்றரை மட்டும் வெட்டி எடுங்கள், ஒளிபுகாமல் வெள்ளையாகத் தெரியும் பகுதி. மீதியை அப்புறப்படுத்திவிடுங்கள். அசற்றோகார்மைன் அல்லது அசற்றோஓர்சீன் ஒரு துளியில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, மூடித்துண்டை இட்டு, பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டி, ஒற்றுத்தாளை மடித்து மேலே வைத்துப் பெருவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள்.

பிழைத்தால் காரணத்தை வழுக்கியே சொல்லும். நீண்ட செவ்வகக் கலங்கள், எல்லாமே பிரிவின்றி இருந்தால் நீங்கள் எடுத்தது நீட்சி வலயம், நுனி அல்ல. கலங்கள் அடுக்கடுக்காகக் குவிந்து நின்றால் அமிலத்தில் போதிய நேரம் விடவில்லை, அல்லது நீர்த்தொட்டி 60 பாகைக்கு வந்திருக்கவில்லை. கலங்கள் குழைந்து, நிறமூர்த்தம் வெளிறிப்போனால் நேரம் கூடிவிட்டது. கலங்கள் சுருண்டு உருளைகளாகக் கிடந்தால் அழுத்தும்போது மூடித்துண்டு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் மருந்து இன்னொரு நுனியை எடுத்து மறுபடி செய்வதுதான். நான்கைந்து வேரைச் சேர்த்துப் பதப்படுத்தச் சொல்வதும் அதற்காகவே.

எண்ணத் தொடங்கும் முன் விதியை எழுதிவையுங்கள்: எந்தத் தோற்றத்தை முன்னவத்தை (கலப்பிரிவின் முதற்கட்டம்) என்று எடுப்பீர்கள், பார்வைப் புலத்தின் ஓரத்தில் பாதி தெரியும் கலத்தை என்ன செய்வீர்கள். அழகான புலத்தை மட்டும் தேடி எண்ணினால் பிரிவுச் சுட்டி (எண்ணிய கலங்களில் பிரிவில் இருப்பவற்றின் வீதம்) உண்மையைவிட உயரும். குறைந்தது 500 கலம் எண்ணுங்கள். 520 கலத்தில் 46 பிரிவில் இருந்தால் சுட்டி 8.8 வீதம். விடையில் எண்ணிய மொத்தமும் வர வேண்டும். மற்ற அவத்தைகளைவிட முன்னவத்தைக் கலங்கள் கூடுதலாய் இருப்பது பிழையல்ல. அந்த அவத்தை நீண்ட நேரம் எடுப்பதால்தான் அதில் அகப்படும் கலங்களும் அதிகம். கலந்துரையாடலில் இந்த ஒரு வரியை எழுதுகிறவர் புரிந்து செய்திருக்கிறார் என்று தெரியும்.

கரைசல், பைப்பெட், மையநீக்கி

றியோ என்ற செடியின் இலையில், ஊதா நிற அடித்தோலில் முதலுருச்சுருக்கம் (நீர் வெளியேறிக் கலத்தின் உட்பகுதி சுருங்குவது) பார்க்கும் செய்முறைக்கு சுக்குரோசுக் கரைசல்கள் வேண்டும். 0.5 மூலர் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 17.1 கிராம். இதை ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, பிறகு 100 குறிவரை நீர் விட வேண்டும். 100 மில்லிலீற்றர் நீரை அளந்து அதில் சீனியைக் கொட்டினால் கனவளவு 110 ஐத் தாண்டும், செறிவு 0.45 மூலருக்கு இறங்கிவிடும். அரைவாசிக் கலம் சுருங்கும் செறிவைத் தேடுகிற பரிசோதனையில் இந்த வித்தியாசம் விடையையே மாற்றும்.

பைப்பெட்டில் முதல் தடையும் இரண்டாம் தடையும் உண்டு. முதல் தடைவரை அழுத்தி உறிஞ்சி, இரண்டாம் தடைவரை அழுத்தி வெளியேற்றுங்கள். இரண்டாம் தடைவரை அழுத்தி உறிஞ்சுபவர் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக எடுக்கிறார், அவருக்கே அது தெரியாது.

மையநீக்கியில் (குழாய்களை வேகமாகச் சுழற்றித் துணிக்கைகளை அடியில் படியவைக்கும் கருவியில்) எதிரெதிர்க் குழாய்களைத் தராசில் வைத்துச் சமப்படுத்துங்கள், கண்மட்டத்தில் அல்ல. ரெக்கோர்ட்டில் நிமிடச் சுழற்சியை மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது, புவியீர்ப்பின் மடங்காக எழுத வேண்டும். சூத்திரம்: 0.00001118 × ஆரை (சென்ரிமீற்றரில்) × சுழற்சியின் வர்க்கம். 10 சென்ரிமீற்றர் ஆரையில் 3000 சுழற்சி ஏறத்தாழ 1006 மடங்கு, கருக்கள் அடியில் படியப் போதுமானது. அதே 3000 ஐ 6 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சிறிய மையநீக்கியில் வைத்தால் 604 மடங்குதான். அங்கே 1000 மடங்கு வேண்டுமானால் 3860 சுழற்சி வைக்க வேண்டும்.

சிறு ஆய்வுத்திட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்தில் நொதியம் பிரித்தெடுக்கலாம் என்று எண்ணுவது நம் பிள்ளைகளுக்கு இயல்பு. நல்ல எண்ணம், ஆனால் அது கடினமான இழையம். கொழுந்துக் கலத்தில் கற்றெக்கின்கள் என்ற பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்திலும், பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் உருமணிகளிலும் தனித்தனியே இருக்கின்றன. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலர் இலையை நசுக்கும்போது இரண்டும் கலந்து, ஒட்சிசனோடு சேர்ந்து இலை செம்பு நிறமாகிறது. உங்கள் உரலிலும் அதுவேதான் நடக்கும். சாதாரண தாங்கற்கரைசலில் அரைத்தால் சில நிமிடத்தில் கபில நிறமாகும், பொலிபீனோல்கள் புரதத்தோடு பிணைந்து அதை வீழ்படிவாக்கும், நீங்கள் தேடிய நொதியம் செயலிழந்துவிடும். தாங்கற்கரைசல், உரல், குழாய் எல்லாம் பனியில் இருக்க வேண்டும். பொலிபீனோலைப் பிடித்துக்கொள்ள பொலிவைனைல்பொலிபிறோலிடோன் தூளும், ஒட்சியேற்றத்தைத் தடுக்க அசுக்கோபிக் அமிலமும் சேர்க்க வேண்டும். திணைக்களத்தில் அந்தத் தூள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கீரையை எடுப்பதே புத்தி. ஆனால் கலத்துக்குள் அறை பிரித்து வைப்பதன் பயன் என்ன என்று பரீட்சையில் கேட்டால், நீங்கள் பிறந்து வளர்ந்த மண்ணில் இருந்தே இந்த உதாரணத்தை எழுதலாம். இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ரெக்கோர்ட்டும் நேர்மையும்

தரவு நேரடியாகக் கட்டுக்கொப்பிக்குள், பேனையில், அன்றைய திகதியோடு. துண்டுத் தாளில் எழுதி விடுதியில் போய் அழகாகப் பெயர்ப்பது வேண்டாம். பிழைத்த எண்ணை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். திருத்த மை பூசக்கூடாது. வெட்டிய எண்ணும் சான்றுதான், சிலவேளை அதுவே சரியாக இருக்கும். வெளியேறும் முன் டெமோவின் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் இல்லாத தரவு செய்யப்படாத பரிசோதனைக்குச் சமம்.

குழுவாகச் செய்தால் அளவீடுகள் பொது. வரைபு, கணிப்பு, கலந்துரையாடல் ஒவ்வொருவரும் தனியே. இந்த எல்லை பலருக்குத் தெளிவில்லை, அதனால்தான் "சேர்ந்துதானே செய்தோம்" என்ற சொல் விசாரணையில் அடிக்கடி வருகிறது. சீனியர் தரும் பழைய ரெக்கோர்ட்டில் அமைப்பைப் பார்க்கலாம், எண்ணை எடுக்கக் கூடாது. தனித்தனி வழுக்கியில் 500 கலம் எண்ணிய இருவருக்கு ஒவ்வொரு அவத்தையிலும் ஒரே எண் வருவது நடக்காத காரியம், திருத்துபவருக்கு அது ஒரு பார்வையில் தெரியும். எதிர்பார்த்த விடை வராத ரெக்கோர்ட்டுக்குப் புள்ளி குறையாது. ஏன் வரவில்லை என்று சரியாக எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்கும். இதைப் பிள்ளைகள் நம்புவதே இல்லை, தயவுசெய்து நம்புங்கள்.

நுணுக்குக்காட்டிப் படத்தை ஃபோனில் எடுத்தால் முழுப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதும் அழிப்பதும் மோசடி. சாட்ஜிபிடி போன்றவற்றின் பாவனைக்கு ஒவ்வொரு பாடநெறியும் தனி விதி வைக்கிறது, முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஆங்கில வசனத்தைத் திருத்த அனுமதி இருந்தால் பாவித்ததை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தரவையோ கலந்துரையாடலையோ அதனிடம் எழுதி வாங்காதீர்கள். இல்லாத ஆய்வுக்கட்டுரையை இருப்பதாக எழுதித் தருவது அதன் வழக்கம், அதன் கீழ் இருப்பது உங்கள் பெயர்.

ஒப்படைக்கும் நாள் நள்ளிரவு என்றால் முதல் நாள் பின்னேரமே ஏற்றிவிடுங்கள். விடுமுறைக்கு வீட்டில் இருந்தால் சிக்னல் கிடைக்கும் இடம் லயத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். ஏற்றியபின் வரும் உறுதிச் செய்தியை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

வர முடியாமல் போனால்

நோய் என்றால் அன்றே ஒரு மின்னஞ்சல், பிறகு கால எல்லைக்குள் மருத்துவச் சான்றிதழ். அந்த எல்லை நாட்கணக்கில்தான் இருக்கும், மாதக்கணக்கில் இராது. தோட்ட டிஸ்பென்சரியில் தரும் துண்டு போதாது. அரச வைத்தியசாலையில் பதிவுபெற்ற வைத்தியரிடம் காட்டி, சான்றிதழ் வாங்கி, அதைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் உறுதிப்படுத்த வேண்டும். வீட்டில் படுத்திருக்கும்போதே யாரையாவது அனுப்பி வைத்தியசாலை அட்டையின் படத்தைத் திணைக்களத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். குணமாகி வந்தபின் தொடங்கினால் பலருக்கு நாள் கடந்துவிடுகிறது.

நெருங்கிய உறவினரின் மரணத்துக்கு மரணச் சான்றிதழ்ப் பிரதி அல்லது கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்பார்கள். கோயில் திருவிழா, சடங்கு, கல்யாணம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. செய்முறை வேறு குழுவுக்கு வேறு நாளில் நடந்தால், முன்கூட்டிக் கேட்டு மாறிக்கொள்ளலாம். முடிந்தபின் கேட்டால் பயனில்லை.

மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும். அப்போது கம்பஸுக்குப் பயணம் கிளம்பாதீர்கள், வரவைவிட உயிர் பெரிது. உங்கள் பிரிவின் பெயர் தெரியும் அறிவித்தலைத் திகதியோடு சேமித்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்புங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் வீதியும் ரயில் பாதையும் மின்சாரமும் ஒன்றாக அறுந்தன. அப்படியான நேரத்தில் செய்தி பிந்தினாலும், வந்து சேர்ந்த முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

மின்னஞ்சல் நீளமாக இருக்கத் தேவையில்லை. தலைப்பில் பாடநெறிக் குறியீடு, பதிவிலக்கம், விடயம். உள்ளே: "மதிப்புக்குரிய சேர், காய்ச்சல் காரணமாக 12ஆம் திகதி வேர்நுனிச் செய்முறைக்கு வர முடியவில்லை. மருத்துவச் சான்றிதழை வைத்திய நிலையத்தில் ஒப்படைத்துள்ளேன், பிரதி இணைப்பில் உள்ளது. வியாழக்கிழமைக் குழுவோடு இச்செய்முறையைச் செய்ய அனுமதி கேட்கிறேன்." இவ்வளவு போதும். வாட்ஸ்அப் செய்தியைப் பதிவாகக் காட்ட முடியாது.

பரீட்சை

உயர்தரம் தமிழில் எழுதியவர்கள் முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் தடுமாறுவது இயல்பு, அறிவுக் குறைவு அல்ல. ஒவ்வொரு விரிவுரையிலும் வரும் புதுச் சொற்களைத் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், ஒரு வரிக் கருத்து என்று மூன்று நிரலில் எழுதி வாருங்கள். விடையை நீண்ட வசனமாக எழுதாமல் ஒரு வசனத்துக்கு ஒரு கருத்தாக எழுதுங்கள். "விவரி" என்றால் என்ன நடக்கிறது, "விளக்கு" என்றால் ஏன், "ஒப்பிடு" என்றால் இரண்டையும் ஒரே அம்சத்தில் பக்கத்தில் வைத்து. ஒப்பிடச் சொன்ன வினாவுக்கு இழையுருப்பிரிவைத் தனியாகவும் ஒடுக்கற்பிரிவைத் தனியாகவும் இரண்டு கட்டுரையாக எழுதுவது வழக்கமான இழப்பு.

ஸ்பொட் பரீட்சையில் மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும், திரும்ப முடியாது. வழுக்கியின் குவியத்தைத் தொடாதீர்கள். தெரியவில்லை என்றால் கையை உயர்த்துங்கள். முதலில் பெயரை எழுதி, பிறகு காரணத்தை எழுதுங்கள்.

சித்தியடையாமல் மீள எழுதினால் பெறக்கூடிய உச்சத் தரம் பொதுவாக 'சி', தரப்புள்ளி 2.0. எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதற்கு மேல் போகாது. ஆகவே காய்ச்சலோடு போய் உட்கார்ந்து "எப்படியாவது எழுதிவிடுவோம்" என்பது பெரிய இழப்பாக முடியலாம். தகுந்த மருத்துவச் சான்றோடு வராமல் இருந்து, அதைப் பீடம் ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும், உச்சத் தர எல்லை இல்லை. உட்கார்ந்து எழுதிவிட்டு, பெறுபேறு வந்தபின் மெடிக்கல் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். பரீட்சைக் காலையில் உடம்பு முடியவில்லை என்றால் மண்டபத்துக்குள் போகுமுன் பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்குப் போங்கள்.